பவுனுக்கு நாலாவது இடம்

ஒண்ணாம் நம்பர் நான்தான் தம்பி. அதை முதல்ல எழுதிக்குங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

நாற்காலியில நீங்க உக்காருங்க. எனக்குத் தரைதான் வசதி, காலை நீட்டணும். வலது முழங்கால் போய் ரொம்ப நாளாச்சு. உக்காந்துட்டா எந்திரிக்க யாராச்சும் கை கொடுக்கணும். டிக்கெட் செக்கரா வண்டி வண்டியா ஏறி இறங்கிட்டு இருந்தவ, இந்த முழங்காலாலதான் இப்ப கவுன்ட்டர்ல உக்காந்திருக்கேன்.

மூக்கைப் பார்க்காதீங்க, டீயைப் பாருங்க. ஆறிடும். எல்லாரும் மூக்கைத்தான் பார்க்கிறாங்க. மணப்பாறைக்கு டிக்கெட் கேக்கிறவன்கூட மூக்கைப் பார்த்துக்கிட்டேதான் கேக்கிறான். பயிற்சியில உடைஞ்சது. யாரு உடைச்சதுன்னு கேக்காதீங்க.

எடை பார்க்காம ரேங்க் போடணும்னு உங்க எடிட்டர் சொன்னாராக்கும்? விவரமான ஆளு. தமிழ்நாட்டுல குத்துச்சண்டை போட்ட பொம்பளைங்கள்ல யாரு பெஸ்ட்னு கேட்டா, எல்லாரும் மெடலை எண்ணுவாங்க. அது தப்பு. உடம்பைக் கழிக்கணும் தம்பி. எழுபத்தஞ்சு கிலோக்காரி அடிச்சா வலிக்கத்தான் செய்யும். அதுல பாதி அவ உடம்பு அடிக்கிறது. அந்த உடம்பைக் கழிச்சிட்டுப் பாருங்க. மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் பாக்சர்.

ரெண்டாவது ஷாகிதா. மெட்ராஸ் பொண்ணு, அறுபது கிலோ. முகத்துல அடிக்கவே மாட்டா. விலாவுக்குக் கீழ, வலது பக்கம், கல்லீரல்ல அடிப்பா. ஈரோட்டுல ஒரு பொண்ணை அங்க அடிச்சா. அந்தப் பொண்ணு ஒண்ணும் ஆகாத மாதிரி சிரிச்சுக்கிட்டே நகர்ந்தது. அப்புறம் திடீர்னு மடிஞ்சு விழுந்து, ரிங் தரையில விரிச்ச கேன்வாஸைப் பல்லால கடிச்சது. கத்தக்கூட மூச்சு இல்லை. ஷாகிதா அதுக்குள்ள மூலைக்குப் போய் கயித்துல சாஞ்சுக்கிட்டு கொட்டாவி விடுறா. அவளுக்கு அடிச்சப்பவே தெரியும். ரெண்டாவது இடம் அவளுக்கு.

மூணாவது கிளாரா. தூத்துக்குடி. எழுபத்தஞ்சு கிலோ. வலது கை சம்மட்டி. ஒருத்தி பல்லுக்கு மாட்டியிருந்த கம் ஷீல்டு பறந்து போய் ஜட்ஜ் மேசையில விழுந்தது, அதுல பல்லு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. சண்டை முடிஞ்சதும் கிளாராவே போய் அதை எடுத்துட்டு வந்து, "இது ஒன் பல்லுதானா பாரு பிள்ள"ன்னு நீட்டினா. கேலி இல்லை, நெசமாவே கேட்டா. நல்ல மனசு. ஆனா காலு கிடையாது. உடம்பைக் கழிச்சா மூணாவதுதான்.

நாலாவது பவுனு.

என்ன, பேனா நின்னுடுச்சு?

பவுனுதான் ஒண்ணுன்னு யாராச்சும் சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. பொன்மலையில இன்னைக்கும் சொல்ற ஆளு உண்டு. நான் ரேஷன் கடையில நிக்கும்போதே, எனக்குக் காது கேக்கிற மாதிரி சொல்லுவாங்க. அவங்க யாரும் ரிங்குக்குள்ள ஏறினவங்க இல்லை. நான் ஏறினவ. பவுனோட அடி எப்படி இருக்கும்னு என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. சரி, கேளுங்க. அந்த ஒரு வருஷத்தைச் சொல்றேன். நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி ஒரு பழைய ஷெட்டுல பிராங்க்ளின் மாஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. நான் அம்பத்திநாலு கிலோ. பவுனு நாப்பத்தெட்டு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. அவ அப்பா அம்மா ரெண்டு பேரும் வெங்காய மண்டியில மூட்டை தூக்குறவங்க. எங்கப்பா ஒர்க்‌ஷாப்புல காண்ட்ராக்ட் கூலி. நிரந்தரம் ஆகும் ஆகும்னு சொல்லிக்கிட்டே செத்தாரு. எங்க வீட்டுல ரயில்வே வேலைன்னா அது வேலை இல்லை, சாமி.

சனிக்கிழமையானா மாஸ்டர் ஒரு காரியம் செய்வாரு. கையில சுத்துற பழைய பேண்டேஜை எடுத்து, ரெண்டு பொண்ணுங்களோட இடது காலைச் சேர்த்துக் கட்டிவிடுவாரு. எடையெல்லாம் கிடையாது, யாரோட வேணா யாரையும் கட்டுவாரு. ஓட முடியாது, ஒதுங்க முடியாது. நின்னு அடிக்கணும், நின்னு வாங்கணும். யாரு முட்டி தரையில படுதோ அவ தோத்தா. ஆனா அதோட முடியாது. ஜெயிச்சவ குனிஞ்சு, தோத்தவ கையைப் பிடிச்சுத் தூக்கிவிடணும். கால் கட்டியிருக்கில்ல? ஒருத்தி தரையில கிடக்கிறப்ப இன்னொருத்தி திமிறினா கணுக்கால் முறிஞ்சிடும். அதுக்காக வெச்ச பழக்கம். தூக்கிவிட்டாத்தான் ஜெயிச்ச கணக்கு. முட்டி தரையில பட்டதும் மாஸ்டர் கத்துவாரு: "தூக்கு!"

என்னையும் பவுனையும்தான் அதிகமாக் கட்டுவாரு. பவுனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வாய் ஓயாது. அடிச்சுக்கிட்டே பேசுவா. "அக்கா, வலது கை இறங்குது பாரு. தூக்கு. தூக்கு அக்கா." நான் தூக்கறதுக்குள்ள அந்த வழியாவே வந்து விழும். சொல்லிட்டு அடிப்பா தம்பி. அது எவ்வளவு திமிரு! அப்படி ஒரு சனிக்கிழமைதான் இந்த மூக்கு. எலும்பு முறியறது வெளியில கேக்காது, மண்டைக்குள்ளதான் கேக்கும், பச்சை முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. வாயெல்லாம் ரத்தம். முட்டி போட்டேன். அவ தூக்கிவிட்டா. தூக்கிவிட்டு, கிளவுஸைக் கழட்டி, பனியன் ஓரத்தைக் கிழிச்சு என் மூக்கைப் பொத்திக்கிட்டு, "நான் சொன்னேன்ல அக்கா, சொன்னேன்ல"ன்னு அழுவுறா.

யாரு உடைச்சதுன்னு கேக்காதீங்கன்னேன், நானே சொல்லிட்டேன். எழுத வேண்டாம்.

சனிக்கிழமைகள்ல யாரு அதிகம் முட்டி போட்டதுன்னு கேக்கிறீங்களா? அதெல்லாம் பயிற்சி. பயிற்சியில நான் முழு வேகம் காட்ட மாட்டேன்.

அவ நாப்பத்தெட்டுல ஸ்டேட் சாம்பியன், நான் அம்பத்திநாலுல. வருஷா வருஷம். அந்த வருஷம் ரயில்வேயில விளையாட்டுக் கோட்டாவுல குத்துச்சண்டைக்காரிக்கு ஒரே ஒரு இடம் வரப்போகுதுன்னு பேச்சு. இருக்கிறதிலேயே பெஸ்ட் யாரோ அவளுக்குத்தான். சிலர் பவுனுன்னாங்க. சிலர் சகாயராணின்னு என் பேரைச் சொன்னாங்க. டீக்கடையில சண்டையே வந்தது. மாஸ்டர்தான் ஒரு நாள் சொன்னாரு. "எடை வேற வேறயா இருக்கிற வரைக்கும் எவனும் எதையும் பேசுவான். ரெண்டு பேரும் அம்பத்தொண்ணுல நில்லுங்க. சகாயம், நீ மூணு கிலோ இறங்கு. பவுனு, நீ மூணு கிலோ ஏறு. அதுல ஜெயிக்கிறவ வேலைக்குப் போ. தோக்கிறவ வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

ஏறுறது சுகம் தம்பி, இறங்குறதுதான் சாவு. எங்கிட்ட கொழுப்பே கிடையாது. தண்ணியைத்தான் இறக்கணும். பிளாஸ்டிக் சாக்கை உடம்புல சுத்தி, அதுக்கு மேல ஸ்வெட்டர் போட்டு, பொன்மலை வெயில்ல மைதானத்தைச் சுத்துவேன். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும்ல? தண்ணி கிடையாது. ஐஸ் கட்டியை நாக்குல வெச்சு எடுத்துடணும், முழுங்கக் கூடாது. கடைசி நாள் ஒரு பால் டின்னை மடியில வெச்சுக்கிட்டு எச்சிலைத் துப்பிக்கிட்டே உக்காந்திருந்தேன். எச்சிலுக்கும் எடை உண்டு. எனக்கு எதிர்ல உக்காந்து பவுனு கொத்து பரோட்டா தின்னுக்கிட்டு இருக்கா. "அக்கா, பார்க்காத. அந்தப் பக்கம் திரும்பிக்க"ங்கிறா. அதையும் வாயில வெச்சுக்கிட்டே சொல்றா.

போட்டி சேலத்துல. எடை போட்டாங்க. முள்ளு சரியா கோட்டுல நின்னது. இறங்கினப்ப கண்ணு இருட்டுது, கழிப்பறைச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பின்னாலயே வந்தா பவுனு. கையில ஒரு தூக்கு. உப்புப் போட்ட கஞ்சி.

"குடி அக்கா. நாக்கு வெள்ளை வெளேர்னு இருக்கு ஒனக்கு."

"எதுக்குடி கொடுக்கிற? விஷம் கலந்திருக்கியா?"

"ஆமா, எலி மருந்து. குடி."

குடிச்சேன். பாதி வாந்தி வந்தது, பாதி நின்னது. பாருங்க, அதைத்தான் சொல்ல வர்றேன். எதிராளிக்குக் கஞ்சி கொண்டு வர்றவளை எந்த ரேங்குல வைப்பீங்க? வெறி இல்லை தம்பி. பாக்சருக்கு வெறி வேணும். கை இருந்தது, காலு இருந்தது, அது மட்டும் பவுனுக்குக் கிடையாது.

ரெண்டு பேருமே மத்த பொண்ணுங்களை அடிச்சுட்டு ஃபைனலுக்கு வந்தோம். அரையிறுதியில அவ தஞ்சாவூர்ப் பொண்ணு ஒருத்தியை அடிச்சா. அந்தப் பொண்ணுக்குப் புருவம் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள்ள வழிஞ்சு, எந்தப் பக்கம் அடிக்கிறதுன்னே தெரியாம கயித்தைக் குத்திக்கிட்டு இருந்தது. அப்பவும் பவுனு என்ன செஞ்சா? கையை இறக்கிட்டு ரெஃப்ரீயைப் பார்த்தா. "சார், பாருங்க சார்." ரெஃப்ரீக்கு இவ சொல்லித்தான் தெரியணுமா?

ஃபைனல். நான் சிவப்பு மூலை, அவ நீலம். மாஸ்டர் ரெண்டு மூலைக்கும் வர மாட்டேன்னு சொல்லிட்டு, முன் வரிசையில போய் உக்காந்துக்கிட்டாரு. கேலரியில காலேஜ் பசங்க, "ஏய் பொன்மலை, ரெண்டு பக்கமும் பொன்மலையா? யாரு ஜெயிச்சாலும் பிரியாணி அங்கதான்!"னு கத்துறானுங்க.

முதல் ரவுண்டுல நான் நல்லா போட்டேன். அதை எழுதிக்குங்க. அவ உதட்டைக் கிழிச்சேன். ரெண்டாவதுல உடம்புல தண்ணி இல்லாதது தெரிய ஆரம்பிச்சது. வேர்க்கவே இல்லை. காஞ்ச தோல், அடி படுற இடமெல்லாம் எரியுது. கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. அவ வந்தா. வயித்துல ஒண்ணு, விலாவுல ஒண்ணு, மறுபடி வயித்துல. நெஞ்சுக்கூட்டுக்குள்ள யாரோ கையை விட்டுப் பிசையிற மாதிரி இருக்கு. நான் கயித்துல சாய்றேன், அவ விடலை. அப்பவும் அந்த வாய். "அக்கா, வலது கை. வலது கை அக்கா." கம் ஷீல்டு போட்டுக்கிட்டு அரைகுறையா வருது. ரெஃப்ரீ ஒரு தடவை நிறுத்தி, "நோ டாக்கிங், ப்ளூ"ன்னு எச்சரிச்சாரு. தலையை ஆட்டிட்டு வந்து திரும்பவும் சொன்னா. வலது கையைத் தூக்கினேன்னு நெனச்சேன். தூக்கலை போல. இடது கைல அவ அடிச்சது காதுக்கும் தாடைக்கும் நடுவுல விழுந்தது. ஒரு விசில் சத்தம். ரெஃப்ரீ ரெண்டு பேரா தெரிஞ்சாரு. முட்டி போட்டுட்டேன்.

சறுக்கல்தான். மூலையில தண்ணி கொட்டியிருந்தது. ரெஃப்ரீயே சறுக்கல்னுதான் கையைக் காட்டினாரு, எண்ணலை. ஜட்ஜுங்க பக்கம் திரும்பிச் சைகை காட்டிக்கிட்டு இருந்தாரு.

பவுனு என்ன செய்யணும்? தள்ளி நிக்கணும். எந்த ஊர்ல போட்டாலும் அதுதான் முறை. ஆனா முட்டி தரையில பட்டதும் அவளுக்கு சனிக்கிழமை ஞாபகம் வந்திடுச்சு. கால்ல கட்டு இல்லைங்கிறதே மறந்துபோச்சு. குனிஞ்சா. என் இடது கையை ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சா. கிளவுஸ் போட்ட கையால பிடிக்க வராதில்ல, அணைச்சுக்கிட்டா. இழுத்தா. முகம் எம்முகத்துக்கு நேரா வந்தது. "எந்திரி அக்கா"ன்னா.

எந்திரிச்சேன். சண்டையைத் தொடரச் சொல்லி ரெஃப்ரீ "பாக்ஸ்"னு சொன்னது காதுல விழுந்தது. வலது கையால அடிச்சேன்.

அவ்வளவு நேரம் என் வலது கையைப் பத்தியேதான பேசிக்கிட்டு இருந்தா?

கீழேயிருந்து மேல. என் உடம்பு முழுசும் அந்தக் கையோட எந்திரிச்சது. அவ இழுத்த இழுப்பும் அதுல சேர்ந்துக்கிச்சு. பேசிக்கிட்டு இருந்தா, வாய் திறந்திருந்தது. வாய் திறந்திருக்கிறப்ப அடி பட்டா தாடை நிக்காது தம்பி. மாஸ்டர் எத்தனை தடவை சொல்லியிருக்காரு, பல்லைக் கடி, பல்லைக் கடின்னு! அந்தச் சத்தம் வெளியிலயே கேட்டது. கேலரியில பசங்க ஒரே நேரத்துல அடங்கிட்டானுங்க. கம் ஷீல்டு தொங்குது, தாடை ஒரு பக்கமா நகர்ந்து தொங்குது. அப்பவும் என் கையை விடலை. நான் உதறினேன். இன்னொண்ணு அடிச்சேன், காதுல. ஆமா, இன்னொண்ணு. ரெஃப்ரீ நிறுத்தலையே! நிறுத்தாத வரைக்கும் அடிக்கணும். முகம் தரையில பட விழுந்தா. காலு மட்டும் உதைச்சுக்கிட்டு இருந்தது.

விதிப்படி அதுல ஒரு குத்தமும் இல்லை. பிடிச்சுக்கிட்டு அடிக்கிறதுதான் ஃபவுல். நான் யாரையும் பிடிக்கலை. அவதான் பிடிச்சிருந்தா. புத்தகத்தை எடுத்துப் பாருங்க. ரெஃப்ரீ எண்ணி முடிச்சு, என் கையைத் தூக்கினாரு. நாக் அவுட். பொம்பளைங்க போட்டியில நாக் அவுட் எத்தனை பார்த்திருக்கீங்க? அதுவும் தண்ணியில்லாத உடம்போட, ரெண்டு பேரும் ஒரே எடையில நிக்கிறப்ப. எடையைக் கழிக்கச் சொல்றீங்களே, இதோ கழிச்சாச்சு. மிச்சம் நின்னது யாரு?

யாரும் கை தட்டலை. அது சேலம் ஊர்க்காரங்க பழக்கம் போல.

மாஸ்டரு ரிங்குக்குள்ள வந்தாரு. எங்கிட்ட வர்றாருன்னு நெனச்சு நான் கையை நீட்டினேன், பேண்டேஜைப் பிரிச்சுவிடுவாருன்னு. எப்பவும் அவருதான் பிரிப்பாரு. என்னைத் தாண்டிப் போய் அவ வாய்க்குள்ள விரலை விட்டு ரத்தத்தை வழிச்சாரு. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோவுல போனவருதான். நான் மெடல் வாங்கினப்ப அங்க இல்லை. எனக்கு ரயில்வே வேலைக்கு ஆர்டர் வந்து, காலனியில எல்லாருக்கும் கேசரி கொடுத்தேன். அவரு வீட்டுக்கும் கொண்டுபோனேன். "சர்க்கரை இருக்கு, வேண்டாம்"னுட்டாரு. அவருக்கு எந்தக் காலத்துலயும் சர்க்கரை கிடையாது. பொறாமைதான், வேற என்ன? ஃபைனல் முடிஞ்சு வந்த சனிக்கிழமையே கால் கட்டுறதையும் நிறுத்திட்டாரு.

பவுனுக்குத் தாடையில கம்பி வெச்சுக் கட்டினாங்க. ரொம்ப நாள் ஸ்ட்ரா வெச்சுத்தான் குடிச்சான்னு சொன்னாங்க. இடது காது போச்சு. பேச்சு கொஞ்சம் குழறும். நான் போய்ப் பார்க்கலை. டூட்டியில சேர்ந்த புதுசு, லீவு கிடையாது. அப்புறம் போய் என்ன பேசுறது? இப்ப அதே வெங்காய மண்டியில சலிக்கிறா. பேருதான் பவுனு, வாங்கினது வெள்ளி. இதை எழுதாதீங்க, சும்மா சொன்னேன்.

அதனாலதான் நாலாவது. கோவத்துல சொல்லலை. யோசிச்சுத்தான் சொல்றேன். வாயை மூடத் தெரியாதவ, விதி தெரியாதவ, எதிராளியைத் தூக்கிவிடுறவ. கிளாராகூடப் பல்லை எடுத்துக் கொடுத்தா, ஆனா சண்டை முடிஞ்சப்புறம் கொடுத்தா. அதான் வித்தியாசம்.

ஆமா, நீங்க மண்டிக்குப் போனீங்களா? அவளைப் பார்த்தீங்களா?

நேத்தே பார்த்துட்டீங்களா! அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் சொல்லலை? நல்லா இருக்காளா? உடம்பு போட்டிருக்கா? சரி, அதை விடுங்க. அவகிட்டயும் இதே கேள்வி கேட்டிருப்பீங்கள்ல? அவ யாரை ஒண்ணுன்னா?

பரவாயில்லை, சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

என்னையா?

என் பேரைச் சொன்னாளா, இல்லை நீங்க எடுத்துக் கொடுத்தீங்களா? "சகாயராணி அக்கா"ன்னு அவளாவே சொன்னாளா? யோசிச்சாளா, டக்குனு சொன்னாளா?

பார்த்தீங்களா! பார்த்தீங்களா தம்பி! ரேஷன் கடையில பேசுறவனையெல்லாம் இங்க கூட்டிட்டு வாங்க இப்ப. அடி வாங்கினவளே சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதை அப்படியே போடுங்க, கொட்டை எழுத்துல.

வேற ஏதாச்சும் சொன்னாளா? அந்த ஃபைனலைப் பத்தி? தூக்கிவிட்டதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

ஒண்ணுமே சொல்லலையா?

சொல்ல என்ன இருக்கு. எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

என் வலது முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டாளா? அவளுக்கு எப்படித் தெரியும் அது? மண்டியில யாரோ சொல்லியிருப்பாங்க. ஊர் பூரா வாய்தான்.

சரி தம்பி, கிளம்புங்க, எனக்கும் டூட்டிக்கு நேரமாச்சு. டம்ளரை அப்படியே வெச்சிடுங்க. அந்தக் கையை மட்டும் கொஞ்சம் கொடுங்க, எந்திரிக்கணும்.

குனிஞ்சு கொடுங்க, எட்டலை.

அட, கையைக் கொடுங்க தம்பி. எதுக்குப் பின்னாடி போறீங்க?